அறிஞர் சித்திலெப்பை அவர்கள்: காலமாற்றத்தை முன்னுணர்ந்த பெருந்தகை

 

சாரல் காலத்தில் குற்றால அருவியின் கீழே நிற்கிறோம். பாறை நம் பாட்டனார் கண்ட அதே பாறை. தண்ணீரோ நேற்று விழுந்த தண்ணீரன்று. சமுதாய வாழ்வும் அத்தகையதே. அதில் மாறாது நிற்க வேண்டியவையும் உண்டு. மாறியே தீர வேண்டியவையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்த ஒரு பெரியாரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வோம்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் 1838-ஆம் ஆண்டு இலங்கையின் கண்டி நகரில் பிறந்தார்கள். தந்தையாரும் வழக்கறிஞர். இளமையிலேயே அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, 1862-இல் தாமும் வழக்கறிஞரானார்கள். வருவாயும் மதிப்பும் நிறைந்த அத்தொழிலைப் பிற்காலத்தில் துறந்து சமுதாயப் பணியில் இறங்கினார்கள்.

அதற்கான காரணத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் 1815-இல் கண்டியைக் கைப்பற்றியபின் இலங்கை முழுவதும் அவர்கள் ஆட்சியாயிற்று. நீதிமன்றமும் அலுவலகமும் ஆங்கிலத்தில் இயங்கின. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகளோ பெரும்பாலும் கிறிஸ்தவ சபையாரின் பள்ளிகள். அங்கே சென்றால் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அதன் விளைவாக, வணிகத்தில் முன்னின்ற சோனக மக்கள் கல்வியில் பின்தங்கினர்.

சித்திலெப்பை அவர்கள் அந்த அச்சத்தை எள்ளி நகையாடவில்லை. அதற்குப் பரிகாரம் தேடினார்கள். மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை அல்லவா? இக்கருத்தைப் பரப்ப 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்கள். அவ்வாண்டில்தான் எகிப்தின் அராபி பாஷா ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றார். 1883-இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த அவர், இக்கல்விப் பணிக்குத் துணை நின்றார்.

1884-இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ‘அல் மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா’ தொடங்கப்பட்டது. எதிர்ப்பும் அலட்சியமும் சூழ்ந்தமையால் அது நிலைக்கவில்லை. வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் முதலானோரின் முயற்சியும் சேர, 1892-இல் மருதானையில் ‘அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா’ எழுந்தது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

பெண் கல்வியை அக்காலத்திலேயே வலியுறுத்தி, கண்டியில் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை ஏற்படுத்தித் தம் சகோதரியையே அதனை நடத்தச் செய்தார்கள். புதினம் என்னும் புதிய இலக்கிய வடிவத்தையும் அவர்கள் ஒதுக்கவில்லை. தமிழின் முதல் புதினம் 1879-இல் வெளிவர, 1885-இலேயே ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்னும் புதினத்தை எழுதினார்கள். இலங்கையின் முதல் தமிழ்ப் புதினம் அதுவே. மறுபுறம், மெய்ஞ்ஞானம் பேசும் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற நூலையும் யாத்தார்கள். புதுமையை வரவேற்ற அதே கரம்தான் ஆன்மிகத்தையும் பற்றி நின்றது.

1898 பிப்ரவரியில், அறுபது வயது நிரம்புமுன்னரே அன்னார் இறையடி சேர்ந்தார்கள். அப்போது ஸாஹிரா சிறிய பாடசாலையே. 1921-இல் டி.பி. ஜாயா அதிபராக வந்த பின்னரே அது பெருங்கல்லூரியாக வளர்ந்தது. விதைத்தவர் நிழலில் அமரவில்லை, பின்வந்தோர் அமர்ந்தனர்.

இவ்வரலாறு கடல் கடந்த ஊரின் கதை மட்டுமன்று. நம் பக்கத்து ஊரான கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற மக்கள், 1946-இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். பிழைக்கச் சென்ற இடத்திலும் பிள்ளைகளின் கல்வியை முதலில் நினைத்தவர்கள் அவர்கள்.

மதரஸாவில் ஓதிய என்போன்றோருக்கும் இதில் பாடம் உண்டு. மாற்றம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வந்தபின் கதவைச் சாத்துவதால் பயனில்லை; வருமுன்னே வீட்டைச் செப்பனிடுவதே அறிவுடைமை. நம் மஹல்லாவில் காலையில் குர்ஆன் ஓதும் பிள்ளை, பத்து மணிக்குப் பள்ளிக்கூடமும் செல்கிறதா? ஆண் பிள்ளைக்குக் கொடுத்த வாய்ப்பைப் பெண் பிள்ளைக்கும் கொடுத்தோமா? ஒவ்வொரு வீட்டாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் அன்னாரின் சேவையை ஏற்று, நம் மக்களுக்கு ஈருலகக் கல்வியையும் நல்குவானாக! ஆமீன்.