ஒளியைப் பாடியவர்: ஹாங்க் வில்லியம்ஸ் (1923–1953)

கவிஞனுக்குக் குடி துணை என்றும், போதை இல்லையேல் பாட்டு இல்லை என்றும் ஒரு நம்பிக்கை கலையுலகில் நெடுங்காலமாக உலவி வருகிறது. இருபத்தொன்பதே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்சின் பெயரும் அந்நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துரைக்கப்படுவதுண்டு. அவரது வாழ்வை ஆண்டு வரிசையில் வைத்து நோக்குவோர்க்கு அது பொய்ச்சான்று என்பது புலப்படும். அவருக்குப் பாட்டைக் கொடுத்தது வேறு. அவரைக் கொண்டு சென்றது வேறு.

அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், மவுண்ட் ஆலிவ் என்னும் சிற்றூரில், 1923 செப்டம்பர் 17 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹிராம். தந்தை முதல் உலகப் போரில் பணியாற்றியவர். 1930-இல் நோயுற்று மருத்துவமனை சேர்ந்து, ஏறத்தாழ எட்டாண்டுகள் அங்கேயே இருந்தார். குடும்பச் சுமை தாய் லில்லியின் தோளில் விழுந்தது. தங்கும் விடுதி நடத்தி அவர் பிள்ளைகளைக் காத்தார். ஹாங்கின் முதுகெலும்பில் பிறவிக் குறை ஒன்று இருந்தது. அது தந்த வலி இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. உழவுக்கோ உழைப்புக்கோ உதவாத அவ்வுடலுக்குக் கிட்டார் ஒன்றே துணையாயிற்று. தேவாலயத்தில் கேட்ட பக்திப் பாடல்கள் முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தைத் தெருவில் கற்றார். ரூஃபஸ் பெய்ன் என்னும் கறுப்பினக் கலைஞர் தெருவோரங்களில் பாடிப் பிழைத்து வந்தார். ‘டீ டாட்’ என்பது ஊரார் இட்ட பெயர். வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே அமர்தலையும் பொறாத காலம் அது. அக்காலத்தில் ஒரு வெள்ளைச் சிறுவன் அவர் பின்னே நடந்து, தாளக்கட்டும் ‘புளூஸ்’ இசையின் துயரும் கற்றுக்கொண்டான். பெய்ன் 1939-இல் வறியவராக இறந்தார். தமக்கு இசை கற்பித்தவர் அவரே என்பதைப் பின்னாளில் புகழின் உச்சியில் இருந்தபோதும் ஹாங்க் மறைத்தாரில்லை.

1937-இல் குடும்பம் மாண்ட்கோமரி நகரில் குடியேறியது. அங்குள்ள வானொலி நிலையத்தில் பாடத் தொடங்கினார். ‘டிரிஃப்டிங் கவ்பாய்ஸ்’ என்னும் குழுவை அமைத்தார். பாட்டோடு குடியும் வளர்ந்தது. பதின்பருவம் நிரம்புமுன்பே பற்றிய பழக்கம் அது. முதுகுவலிக்கு மருந்தாகத் தோன்றியது, பின்னர் வலியினும் பெரிய நோயாயிற்று. 1942-இல் ஓயாக் குடியைக் காரணம் காட்டி வானொலி நிலையம் அவரை விலக்கியது. அவர் பெற்ற முதல் எச்சரிக்கை அதுவே. அடுத்த சில ஆண்டுகள் கப்பல் கட்டும் தளத்தில் கூலி வேலையிலும் சிற்றூர் ஆட்டக்கூடங்களிலும் கழிந்தன. 1945-இல் தம் பாடல்களைச் சிறு நூலாக வெளியிட்டபோது அதில் சொற்கள் மட்டுமே இருந்தன. இசைக்குறிப்பு எழுத அவர் அறியார். பாட்டைச் சொல்லாகவே நினைந்தவர் அவர் என்பதற்கு அச்சிறு நூலே கரி.

1946-இல் மனைவி ஆட்ரியுடன் நாஷ்வில் நகருக்குச் சென்று, பாடல் வெளியீட்டாளர் ஃபிரெட் ரோஸைக் கண்டார். அச்சந்திப்பு அவர் வாழ்வின் பெரும்பேறு. ரோஸும் ஒருகாலத்தில் குடியில் வீழ்ந்தவர். சமய நம்பிக்கையின் துணையால் மீண்டெழுந்தவர். மீண்டவர் ஒருவர், மீள வேண்டிய ஒருவரைக் கைப்பற்றினார். ஹாங்கின் பாடல்களில் மிகையை அகற்றினார். தளர்ந்த அடியை இறுக்கினார். இருவரும் அமர்ந்து திருத்திய அவ்வுழைப்பிலிருந்து, படிப்பறியா மக்களும் ஒருமுறை கேட்டுப் பாடத்தக்க பாடல்கள் பிறந்தன.

1948-இல் ஷ்ரீவ்போர்ட் நகரத்து ‘லூசியானா ஹேரைட்’ வானொலி அரங்கில் இடம் கிடைத்தது. அங்கு அவர் பெரிதும் குடியைக் கட்டுப்படுத்தி வாழ்ந்தார். பலன் உடனே கிட்டியது. 1949-இல் வெளிவந்த ‘லவ்சிக் புளூஸ்’ பதினாறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவர் பெயரைக் கேட்டாலே தயங்கி நின்ற நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓலே ஆப்ரி’ அரங்கு, அவ்வாண்டு ஜூன் 11 அன்று கதவைத் திறந்தது. அவ்விரவில் கூட்டம் அவரை ஆறு முறை மீண்டும் பாடச் செய்தது என்பர். தனிமைத் துயரைப் பறவையிலும் இரவு வண்டியின் ஒலியிலும் உதிரும் இலையிலும் ஏற்றிச் சொன்ன ‘ஐம் சோ லோன்சம் ஐ குட் கிரை’ அவ்வாண்டின் ஆக்கமே. 1951-இல் ‘கோல்ட், கோல்ட் ஹார்ட்’ பாடலை டோனி பென்னட் பாட, நாட்டுப்புறப் பாட்டு நகரத்து இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. அதே ஆண்டில் ஒரு மாவு நிறுவனத்தின் ஆதரவில் காலை வானொலி நிகழ்ச்சிகள் எழுபதுக்கு மேல் பதிவாயின. நாள்தோறும் ஒரு பக்திப் பாடல் பாடும் ஒழுங்கை அவற்றில் காணலாம். ஒழுங்கு இருந்த காலமே விளைச்சல் மிகுந்த காலம்.

இக்காலத்தின் ஒரு முரண் எண்ணத்தக்கது. ‘ஹெல்த் அண்ட் ஹேப்பினஸ்’ என, ஆரோக்கியத்தையும் மகிழ்ச்சியையும் பெயரிலேயே தாங்கிய வானொலித் தொடர் ஒன்றை 1949-இல் அவர் பதிவு செய்தார். அதன் ஆதரவாளர் ‘ஹடகால்’ என்னும் மருந்து. 1951-இல் அம்மருந்தின் விளம்பர ஊர்வலத்திலும் ஊர் ஊராகச் சென்று பாடினார். அம்மருந்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மதுவே. குடியால் அழிந்துகொண்டிருந்தவரின் குரலைக் கொண்டே புட்டியில் அடைத்த மதுவை உலகம் மருந்தென விற்றது.

மீட்சிக்கான ஏக்கம் அவர் பாடல்களில் தொடக்கம் முதலே உண்டு. 1947-இல் பதிவான ‘ஐ சா த லைட்’, ஒளி கண்ட ஒருவனின் மகிழ்ச்சிப் பாடல். நிகழ்ச்சி முடிந்து தாயின் வண்டியில் இரவில் திரும்புகையில், தொலைவில் தெரிந்த விமான நிலைய விளக்குகளிலிருந்து அதன் கரு தோன்றியது என்பர். 1950 முதல் ‘லூக் த டிரிஃப்டர்’ என்னும் புனைபெயரில், இசை பின்னணியில் ஒலிக்கப் பேச்சாகவே அறம் உரைக்கும் பதிவுகளையும் வெளியிட்டார். பிறரை எளிதில் இகழாதே, வழுவியவனை இரக்கத்தோடு நோக்கு என்பது அவற்றின் சாரம். பிறர்க்கு உரைத்தாரா, தமக்கே உரைத்துக்கொண்டாரா என எண்ணத் தோன்றும். 1952-இல் ஒருநாள், நகைச்சுவைக் கலைஞர் மின்னி பெர்ல் வண்டியில் உடனிருக்க, அவ்வொளிப் பாடலைத் தொடங்கிய ஹாங்க் இடையில் நிறுத்தி, ஒளி எதுவும் இல்லை என்று கூறியதாகப் பெர்ல் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1951 இறுதியில் முதுகெலும்பில் அறுவை மருத்துவம் நடந்தது. ஓய்வு கொள்ளாமையால் வலி பெருகியது; குடியோடு மருந்துகளும் சேர்ந்தன. 1952-இல் ஆட்ரியுடன் மணமுறிவு ஏற்பட்டது. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்கு வாராமலும், வந்தாலும் நிற்க இயலாமலும் போனமையால், ஆகஸ்டில் ‘ஆப்ரி’ அரங்கு அவரை விலக்கியது. மூன்றாண்டுகளுக்கு முன் ஆறு முறை அழைத்த மேடை அது. மீண்டும் ஷ்ரீவ்போர்ட் திரும்பினார். அக்டோபரில் பில்லி ஜீனை மணந்தார். நியூ ஆர்லியன்ஸில் கட்டணச் சீட்டு விற்று அத்திருமணத்தையும் காட்சியாக்கினர். மருத்துவப் பட்டத்தை விலைக்கு வாங்கிய போலி மருத்துவர் ஒருவர் ‘குளோரல் ஹைட்ரேட்’ என்னும் உறக்க மருந்தை எழுதித் தந்தார். அந்நிலையிலும், செப்டம்பர் 23 அன்று நடந்த தம் இறுதிப் பதிவில் நான்கு பாடல்களைப் பாடி முடித்தார். அவற்றுள் ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ உள்ளிட்ட மூன்று, அவர் மறைந்தபின் முதலிடம் பெற்றன.

1953 புத்தாண்டு நாளில் ஓஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் நிகழ்ச்சி. பனிக்காலத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் காரோட்ட, பின்னிருக்கையில் படுத்தவாறே புறப்பட்டார். வழியில் நாக்ஸ்வில் விடுதியில் மருத்துவர் ஒருவர் மார்ஃபின் கலந்த ஊசியிட்டார். மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில்லில் கார் நின்றபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. கேன்டனில் செய்தி அறிவிக்கப்பட்டதும், வாராமைக்கு மற்றுமொரு சாக்கு எனச் சிலர் சிரித்தனர் என்பர். பின் உண்மை உணர்ந்து, கலைஞரும் கூட்டமும் அவருடைய ஒளிப் பாடலையே பாடினர்.

ஜனவரி 4 அன்று மாண்ட்கோமரியில் நடந்த இறுதிச் சடங்கிற்குப் பல்லாயிரவர் திரண்டனர். அரங்கினுள் நுழைய முடிந்தவர் ஏறத்தாழ 2,700 பேரே. கறுப்பின மக்கள் மாடத்தில் அமர்ந்தனர். கறுப்பினப் பாடகர் குழுவொன்றும் பாடியது. பெய்னிடம் பெற்ற கடன் அவ்வாறேனும் நினைக்கப்பட்டது. 1961-இல் நாட்டுப்புற இசைப் புகழ்க்கூடத்தில் முதலில் இடம்பெற்ற மூவருள், ஹாங்கும் அவரைச் செதுக்கிய ரோஸும் உடனிருந்தனர். 2010-இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவரது பாடலாக்கத் திறனைப் போற்றியது.

பாட்டின் பொருளை அவருக்கு வலி தந்தது. வடிவைப் பயிற்சியும் திருத்தமும் தந்தன. குடி தந்தது ஒன்றுமில்லை. அது கொண்டு சென்றவையோ பல: இருமுறை மேடையை, இல்லறத்தை, முப்பதுக்குப் பிந்தைய ஆண்டுகள் அனைத்தையும். அவர் எழுதாமற்போன பாடல்கள் எத்தனை என எவராலும் கணக்கிட இயலாது. தேடிய மீட்சி வாழ்வில் அவருக்கு வாய்க்கவில்லை. எனினும், இருளில் நின்றவாறே அவர் பாடிய ஒளி இன்றும் தளர்ந்தோர் பலருக்கு வழித்துணையாய் இருக்கிறது. அப்பாடலைப் போற்றுவோர், அவர் கையிலிருந்த புட்டியையும் சேர்த்துப் போற்றுதல் வேண்டா.