முப்புரி கண்ட அறிஞர்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் அறுவடை முடிந்ததும் உழவர் வைக்கோலைத் திரித்துப் புரி முறுக்குவர். தனி வைக்கோல் குழந்தையின் கையிலும் அறும். முறுக்கிய புரியோ பெருங்கட்டையும் தாங்கும். நம் எலும்பும் இத்தகையதே. அதற்குக் கடினம் தருவது சுண்ணச் சத்து. எளிதில் முறியாத உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அப்புரதம் முப்புரியாய் முறுக்குண்டது என உலகிற்கு உணர்த்தியவர் ஜி. என். இராமச்சந்திரனார்.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பழகினார். கேம்பிரிட்ஜ் சென்று மீண்டவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

அங்கு அவரும் கோபிநாத் கர்த்தாவும் விலங்கின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறி வீழ்ந்த கோலத்தைக் கொண்டு கொலாஜனின் அமைப்பை ஆராய்ந்தனர். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்குண்டிருப்பதை 1954-இல் வெளியிட்டனர். ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே அமையும். முறுக்கின் நடுவில் வேறொன்றிற்கு இடமில்லை. அவ்வமைப்பில் அணுக்கள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என அயல்நாட்டு அறிஞர் சிலர் குறை கூறினர். அவரோ அக்குறையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என மாணவருடன் கணக்கிட்டார். அதன் பயனாக 1963-இல் பிறந்ததே புரத ஆராய்ச்சியாளர் யாவரும் போற்றும் இராமச்சந்திரன் வரைபடம்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு நொய்ந்திருக்கும். அன்புடன் தூக்கினாலும் முறியும். அறியாதார் பெற்றோரைப் பழிப்பர். எக்ஸ் கதிர்ப் படமோ உண்மையைக் காட்டும்: மெலிந்து வளைந்த எலும்புகள், ஆறியும் ஆறாமலும் உள்ள பல முறிவுகள், மண்டையோட்டின் பொருத்துகளில் சிறுசிறு எலும்புகள். கொலாஜன் இழையில் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் அமிலம் புகுதல் இந்நோய்க்கு ஒரு முதன்மையான காரணம். ஒரு புரி பழுதுபடின் கயிறு முழுதும் நையுமன்றோ?

எனினும், எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. ஓர் எலும்பின் நிழல் மற்றொன்றை மறைக்கும். பல திசைகளிலும் நிழல் எடுத்து, அவற்றினின்று உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணித்தறிய எளிய முறையொன்றை இராமச்சந்திரனார் லட்சுமிநாராயணனுடன் 1971-இல் வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகள் பலவற்றில் இவ்வகைக் கணிதமே பயன்பட்டது. இக்குழந்தைகளின் மண்டையடியையும் முதுகெலும்பையும் நுணுகிக் காண அது உதவும். கதிர்வீச்சு மிகுதலாகாது என்பதால், இன்றியமையாதபோது மட்டுமே மருத்துவர் அதனை நாடுவர்.

இலண்டன் அரச கழகம் 1977-இல் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அவர் மருத்துவர் அல்லர். நோயாளியின் நாடி பிடித்தவரும் அல்லர். ஆயினும், காரணம் அறியாது கலங்கும் ஒரு தாய்க்கு, இது உன் பிழையன்று என மருத்துவர் இன்று தெளிவுறக் கூறுவதற்கு அவர் கண்ட உண்மையும் துணைநிற்கின்றது.