ஸர் லியோனார்ட் ராஜர்ஸ்

ஏழைகளை வாட்டும் நோய்க்கு மருந்து தேடுவார் சிலர்; அத்தேட்டத்திற்குப் பொருள் திரட்டுவார் அவரினும் சிலர். இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொண்டவர் ஸர் லியோனார்ட் ராஜர்ஸ்.

இவர் 1868-ம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிற் பிறந்தார்; 1893-ல் இந்திய வைத்திய இலாகாவிற் சேர்ந்தார். கல்கத்தாவில் வாந்திபேதியால் உடல்நீர் வற்றி மாள்வாரின் இரத்தக்குழாயிற் செறிந்த உப்புநீரேற்றிப் பலரைப் பிழைப்பித்தார். தனியொருவர் முயற்சி போதாதென்றுணர்ந்து, உஷ்ணப்பிரதேச நோய்களை ஆராய ஒரு கலாசாலை வேண்டுமென அரசாங்கத்தாரையும் வணிகரையும் பன்முறை அணுகினார். 1914-ல் அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்றது. அது முழுதும் இயங்குமுன், 1920-ல், நலங்குன்றித் தாய்நாடு திரும்பினார்.

ஆண்டும் அவர் ஓய்ந்திலர். 1923-ல் நண்பரோடு பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் குஷ்டரோக நிவாரண சங்கத்தை நிறுவி, சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி வேண்டினார். அவர் பெரிதும் நம்பிய நீரடிமுத்தெண்ணெய் ஊசிமருந்து, 1940-க்குப் பின் ஸல்போன் மருந்துகளுக்கு இடங்கொடுத்து மறைந்தது. சங்கமோ லெப்ரா என்னும் பெயரால் இன்றும் பணிபுரிகின்றது. 1962-ல், 94-ம் வயதில், அவர் காலமானார்.

மாணவ நண்பர்காள்! நாம் காணும் மருந்து நாளை பழமையாகலாம். நமக்குப் பின் தேடுவார்க்கு வழியமைத்தல் என்றும் பயன் தரும்.