சங்கும் சிப்பியும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் நம் பள்ளித் தோட்டத்துச் சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் ஒரு கோடு ஓடும். அதன் முடிவில், முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். ஏழாம் வகுப்புச் சிறுமியர் அதை ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்து, அது கொம்பை உள்ளிழுத்துக்கொள்ளும்போது கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். இந்தச் சாதாரண நத்தைக்கும், குழந்தையாய் இருந்தபோது நமக்குப் பால் புகட்டிய சங்குக்கும், முத்து விளையும் சிப்பிக்கும், கடலடியில் எட்டுக் கைகளோடு பதுங்கியிருக்கும் பேய்க்கணவாய்க்கும் உறவு உண்டு. எலும்பில்லாத மெல்லிய உடல் கொண்ட இவ்வுயிர்களை எல்லாம் மெல்லுடலிகள் என்ற ஒரே இனத்தில் விஞ்ஞானிகள் சேர்க்கின்றனர்.

பனைமரமும் கருவேலமும் நிற்கும் நம் பனவடலிசத்திரத்திலிருந்து கடல் எட்டத்தில் இருக்கிறது. ஆயினும் நம் தாமிரபரணி போய்க் கலக்கும் அந்தக் கடலின் சங்கையும் சிப்பியையும் உலகமெங்கும் உள்ள அறிஞர்கள் அறியும்படி எழுதிய ஒருவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தாம் ஜேம்ஸ் ஹார்னெல்.

அவர் பிறந்தது 1865ஆம் ஆண்டில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் உள்ள ஜெர்சி என்னும் சிறு தீவில் இளமையிலேயே கடல் ஆராய்ச்சியில் இறங்கினார். அத்தீவில் ஓதம் மிக அதிகம். கடல் வற்றும்போது பாறைகளும் குட்டைகளும் நெடுந்தூரம் வெளியே தெரியும். ஜோசப் சினெல் என்ற இயற்கை ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையம் நடத்தினார். கடற்பிராணிகளைப் பதப்படுத்தி, கண்ணாடிச் சில்லுகளில் வைத்து, கல்லூரிகளுக்கு அனுப்புவது அதன் பணி. ஒரு பத்திரிகையும் நடத்தினார். பெரிய பதவியோ செல்வமோ அப்போது அவருக்கு வாய்த்திருக்கவில்லை. ஆனால் நுண்ணோக்கியின் முன் பொறுமையாக உட்காரும் பழக்கம் அங்கேதான் படிந்தது.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு முத்துப் பஞ்சம். இலங்கையின் மன்னார்க் கடலில் 1891க்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. குளிக்கச் சிப்பி இருந்தால்தானே! காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரை இலங்கை அரசாங்கம் வேண்டிற்று. 1902 ஜனவரியில் அவர் வந்தபோது உதவியாளராக உடன் வந்தவர் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 37 இருக்கும். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடலே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

முத்துச்சிப்பி வாழும் இடத்தைக் கடலோர மக்கள் பார் என்பார்கள். கடலடியில் மணலுக்கு நடுவே உள்ள பாறைத்திட்டு அது. தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் என்பது பேர்போனது. எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் உள்ள இப்பார்களில் சிப்பி தன் நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. குஞ்சுகளோ அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களாய்ச் சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து சென்று, பிறகுதான் ஓரிடத்தில் படிகின்றன. நல்ல பாறை கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் மணல் மூடிச் சாவு. இலங்கையில் பெரிய பார் என்ற இடத்தில் கோடிக்கணக்கான குஞ்சுகள் அடிக்கடி வந்து படியும். அடுத்த பருவக்காற்று வந்ததும் அத்தனையும் காணாமற்போகும். தப்பிய சிப்பிகளையும் திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் தின்னும். யார் திருடியும் சிப்பி குறையவில்லை, யார் சாபத்தாலும் அல்ல என்பதை இந்த ஆராய்ச்சி காட்டிற்று. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி பற்றி அவ்விருவரும் தந்த அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய பாகங்களாக வெளியிட்டது.

இடையில் 1903இல் சிப்பி மீண்டும் பெருகியது. 1905இல் மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் நடந்த முத்துக்குளிப்பைப் போல் ஒன்று அதற்குமுன் நடந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். ஆளற்ற மணல்வெளியில் ஒரு நகரமே எழுந்தது. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபு நாட்டார் என்று சுமார் 5,000 பேர் மூழ்கினர். காலில் கல்லைக் கட்டித் தொங்கும் கயிற்றைப் பற்றி இறங்குவார்கள். ஒரு நிமிஷ நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுவிட்டு மேலே வர வேண்டும். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் தூங்கிவிட்டால் கீழே இருப்பவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய்.

இந்தப் பணத்தைக் கண்டதும் ஆசை வந்தது. 1906இல் லண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்கள் விடப்பட்டன. 1907க்குப் பிறகு 1925 வரை அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கம்பெனி கலைந்தது. நிறைந்த கடலையும் வெறுமையான கடலையும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் கண்ணால் கண்டவர் ஹார்னெல்.

இங்கே அவருடைய தவறு ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. முத்து எப்படி உண்டாகிறது? மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்பது பழங்கதை. சிப்பிக்குள் புகும் ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவத்தைச் சுற்றித்தான் நல்ல முத்து விளைகிறது என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் எழுதினர். அக்கடலின் சிப்பிகளில் அப்புழு நிறைய இருந்தது உண்மை. ஆனால் 1912இல் ஜேம்சன் என்ற ஆராய்ச்சியாளர் இலங்கை முத்துக்களையே மீண்டும் அறுத்துப் பார்த்து, அக்கருத்துக்குச் சான்று போதாது என்று காட்டினார். சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மெல்லிய தோலின் அணுக்கள் எப்படியோ உடலுக்குள் இடம் மாறிப் போய் ஒரு சிறு பையாகி, உட்புறமாய்ப் படலம் படலமாகச் சுரப்பதே முத்து. ஜப்பானியர் செயற்கையாக முத்து வளர்த்தது இந்த அடிப்படையில்தான். பல ஆண்டு உழைத்துக் கண்ட முடிவு தவறென்று பிறர் காட்டும்போது விஞ்ஞானிக்கு எவ்வளவு கசப்பாய் இருக்கும்! ஹார்னெல் அதோடு ஓய்ந்துவிடவில்லை. அவருடைய மிகச் சிறந்த நூல்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1908இல் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்தார். அத்துறையை நிறுவிய சர் பிரடெரிக் நிக்கல்சனின் கீழ் முத்து, சங்கு குளிப்பு அவர் பொறுப்பில் வந்தது. பின்னாளில் துறையின் இயக்குநராகவே உயர்ந்தார். தூத்துக்குடியும் இராமேசுவரமும் அவருக்குச் சொந்த ஊர் போலாயின.

சங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் வந்தது. இன்றும் சங்கு பற்றி எழுதுவோர் அதைத் தொடாமல் எழுத முடியாது. சங்குப்பூச்சி மணலில் புதைந்து வாழும் புழுக்களைத் தின்கிறது. அதனால்தான் சங்கு கிடைக்கும் மணலைக் குளியாட்கள் பூச்சி மணல் என்பார்கள். படிப்பறியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அவர்கள் வைத்த பெயரிலேயே விஞ்ஞானம் இருக்கிறது! சங்கு ஊர்ந்து சென்ற தடத்தைப் பார்த்து அவர்கள் பின்தொடர்வார்கள். சங்கின் முட்டைக்கூடு ஆட்டுக்கொம்பு போல் வளைந்து, அடுக்கடுக்கான அறைகளோடு மணலில் நிற்கும். குஞ்சுகள் சிறு சங்குகளாகவே வெளிவரும். இளஞ்சங்குகளை எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே எடுத்த சங்குகளை அளவுத் துளையிட்ட பலகையில் போட்டுப் பார்த்து, துளைவழி நழுவும் சிறியவற்றை மறுபடி கடலிலேயே விட்டுவிடுவது அங்கே விதியாயிருந்தது.

வலம்புரிச் சங்கைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் கதைகள் எத்தனையோ. எண்ணற்ற சங்குகளில் ஒன்று மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல் எதிர்ப்புறமாய்ச் சுழன்று வளர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் வலம்புரி என்பதை விஞ்ஞானிகள் இடப்பக்கச் சுழி என்பார்கள். அவர்கள் சங்கின் கூரிய சுருள் முனையை மேலே வைத்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பார்கள். நாம் நீண்ட வால்முனையை மேலே பிடித்துப் பார்க்கிறோம். பரிசோதனைக் கூடத்துச் சங்கை எடுத்து இருவிதமும் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சங்கு எங்கே போகிறது என்று ஹார்னெல் தொடர்ந்து சென்ற விதம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தூத்துக்குடிச் சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போயிற்று. அங்கே மணமான இந்துப் பெண்களுக்குச் சங்கு வளையல், நமக்குத் தாலி போல. டாக்கா நகரில் சங்கு அறுப்போர் ஒரு தெருவே நிறைந்திருந்தனர். பிறைநிலா வடிவான கனத்த இரும்பு வாளை இரு கையாலும் பிடித்து, சங்கைக் காலால் அழுத்திக்கொண்டு நாள் முழுதும் அறுக்கும் அத்தொழிலை அவர் விவரமாக எழுதினார். பிறகு ஒரு கேள்வி எழுந்தது. சங்கு நம் கடலில் கிடைக்க, வளையல் மட்டும் ஏன் வங்காளத்தில்? பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கைக்குப் போய் மண்ணைக் கிளறினார். வாளால் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்தன. பழந்தமிழ் நூல்கள் வளையல் அறுப்போரைப் பற்றிச் சொல்வது கற்பனையல்ல என்பதற்கு அந்தக் கழிவுத் துண்டுகளே சாட்சி. நம் தாமிரபரணிக் கரைப் பெண்களும் ஒருகாலத்தில் சங்கு வளையல் அணிந்தார்கள் என்றல்லவா தெரிகிறது! பொன்னோடு சேராத குப்பை என்று எவரும் ஒதுக்கியிருக்கக்கூடியதை அவர் குனிந்து எடுத்தார்.

உண்ணத்தக்க மெல்லுடலிகள் பற்றி 1917இலும், தென்னிந்தியாவின் சாதாரணச் சங்கு சிப்பிகள் பற்றி 1921இலும் நூல்கள் எழுதினார். பாக் நீரிணையில் பேய்க்கணவாய் பிடிக்கும் முறை ஒன்றை அவர் பதிவு செய்திருக்கிறார். நீண்ட கயிற்றில் இடைவெளி விட்டு ஐவிரல் சங்கின் வெற்று ஓடுகளைக் கட்டிக் கடலடியில் போட்டுவிடுவார்கள். தூண்டில் முள் இல்லை, இரை இல்லை. ஒளிய இடம் தேடும் பேய்க்கணவாய், காலி வீடு கிடைத்ததென்று தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் கயிற்றை இழுத்தால் போதும். மூன்று இருதயமும் நீல இரத்தமும் உடைய, மெல்லுடலிகளிலேயே புத்தி மிக்க பிராணி இப்படி ஏமாறுகிறது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் வெண்மையான ஓடு இதன் உறவான கணவாயின் உள்ளோடுதான்.

சிப்பியைத் தேடிப் படகில் போனவர் படகையும் விட்டுவைக்கவில்லை. கட்டுமரம் முதல் பாக் நீரிணைத் தோணி வரை அளந்து வரைந்து, 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதினார். நம் படகு அமைப்பில் பசிபிக் தீவினரின் தொடர்பு உண்டென்ற அவர் கருத்தை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் வரைந்த படகுகளில் பல இன்று கடலில் இல்லை. அந்தப் படங்களில்தான் இருக்கின்றன.

1924இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். உடனே ஒரு விஞ்ஞானக் குழுவோடு பசிபிக் பெருங்கடலுக்குக் கப்பலேறினார். அறுபது வயதை எட்டிய அம்மனிதர் தீவுகளில் என்ன செய்தார் தெரியுமா? படகுகளை ஆராய்ந்ததோடு, விரல்களில் நூலைக் கோத்து உருவங்கள் செய்யும் விளையாட்டையும் கற்றுக்கொண்டார். இடைவேளையில் நீங்கள் விளையாடுகிறீர்களே, அதே நூல் விளையாட்டுத்தான். பிஜித் தீவின் நூல் உருவங்களைப் பற்றி 1927இல் ஒரு நூலே வந்தது. ஹேடன் என்ற அறிஞரோடு சேர்ந்து பசிபிக் தீவுப் படகுகளைப் பற்றி மூன்று பாகங்கள் எழுதினார். 1946இல் நீர்ப்போக்குவரத்தின் தோற்றத்தைப் பற்றிய பெருநூல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 81.

1949 பிப்ரவரி 24ஆம் நாள் ஹார்னெல் காலமானார்.

அவர் கவலைப்பட்ட கடலின் கதை அதன் பிறகும் தொடர்ந்தது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. பார்கள் பிறகு பழைய வளத்துக்குத் திரும்பவில்லை. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி, சிப்பிக்குள் மணியைப் பதித்து உருண்டை முத்துக்களை வளர்த்துக் காட்டினார். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாயிற்று.

இந்திய மெல்லுடலிகளைப் பற்றி ஹார்னெல் எழுதிய சிறு நூல் ஒன்றை, அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1951இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வெளியிட்டது. கடற்கரையில் சங்கு பொறுக்கும் சாதாரண மக்களுக்கும் பயன்படும் நூல் அது. விடுமுறையில் திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போகிறவர்கள் பொறுக்கி வரும் ஓடுகளை, இடமும் தேதியும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பரிசோதனைக் கூடத்து அலமாரியில் வையுங்கள். உயிருள்ளதைக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.