மீன் தொட்டிக்குள் ஓர் அகதியின் கண்டுபிடிப்பு

முசலிக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2007இல் முள்ளிக்குளத்துத் தமிழ் மக்கள் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அவர்களது மண்ணில் கடற்படை முகாம் வந்தது. திரும்பியவர்களோடு வாழ்வாதாரம் பற்றிப் பேசும்போது, வளவுக்குள் தொட்டி கட்டி நன்னீர் மீன் வளர்ப்பதும் பேச்சில் வரும். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி. அவரும் ஊரை இழந்தவர்தான்.

1856இல் கியெவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் பியானோ படித்தார். பிறகு அறிவியலுக்கு வந்தார். மண்ணில் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிரை அக்காலத்தில் எவராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லோரும் சத்துள்ள ஜெலற்றினில் வளர்க்கப் பார்த்தார்கள். வினோகிராட்ஸ்கி சூரிச்சில் இருந்தபோது அந்தச் சேதனச் சத்தையெல்லாம் விலக்கி, அமோனியாவும் கனிம உப்புகளும் மட்டும் கொடுத்தார். 1890இல் வெற்றி கிடைத்தது. சூரிய ஒளி இல்லாமலே அமோனியாவிலிருந்து சக்தி பெற்று வாழும் உயிர் அது. ஒருவகை பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்குகிறது, இன்னொருவகை அதை நைத்திரேற்றாக்குகிறது என்பதையும் அவர் காட்டினார்.

மீன் வளர்ப்பவருக்கு இது ஏன் முக்கியம்? மீன் தன் கழிவை அமோனியாவாகப் பூக்கள் வழியே நீரில் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். அது கூடினால் மீன் செத்து மிதக்கும். நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்றில் ஆபத்து மிகக் குறைவு. மண்குளத்தில் பாசியும் அமோனியாவை உறிஞ்சும். சீமெந்துத் தொட்டியில் அந்த உதவி குறைவு என்பதால் இந்த நுண்ணுயிர்களே காவல். அவை கல்லிலும் சுவரிலும் ஒட்டி வாழ்பவை, ஒட்சிசன் வேண்டுபவை, மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் நிலைகொள்ளப் பல வாரங்கள் எடுக்கும். குளோரின் போட்டுக் கழுவினால் மறுபடி முதலிலிருந்துதான்.

வினோகிராட்ஸ்கியும் முதலிலிருந்து தொடங்கினார். 1905 அளவில் ஆய்வுகூடத்தை விட்டுத் தன் காணிக்குத் திரும்பியவரை, 1917 புரட்சியும் அதன்பின் வந்த உள்நாட்டுப் போரும் துரத்தின. ஒடெசா வழியாக வெளியேறி, பெல்கிரேட்டில் சிறிது காலம் தங்கினார். 1922இல் பாரிஸின் பஸ்தர் நிறுவனம் அவரை அழைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பாரிஸுக்கு அருகே பிறி-கொம்ற்-றொபேர் என்ற சிற்றூரில் ஆய்வுகூடம் அமைத்து, மண் நுண்ணுயிரியலில் மூன்று தசாப்தங்கள் வாழ்ந்தார். 1949இல் தன் ஆய்வுகளைப் பெருநூலாக வெளியிட்டார். 1953இல், 96 வயதில், அங்கேயே இறந்தார். ஊர் திரும்பவில்லை.

மீள்குடியேறியவருக்குத் தொட்டியையும் மீன்குஞ்சையும் ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போவது உதவியாகாது. முதலில் சில குஞ்சுகள், குறைந்த தீனி, காற்றோட்டம், வாரந்தோறும் அமோனியாச் சோதனை, சில வாரப் பொறுமை ஆகியவற்றையும் திட்டத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த குடும்பம், செத்த மீனை அள்ளிக் கொட்டவும் நேரும்.