காக்டெயிலுக்கு விளக்கம் தந்த பத்திரிகை ஆசிரியர்

நட்சத்திர ஓட்டல்களில் 'காக்டெயில்' என்று ஒரு கலப்பு மது தருகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அச்சில் முதன்முதலாக விளக்கம் தந்தது அமெரிக்காவின் ஒரு சிறு நகரப் பத்திரிகை. அதை நடத்தியவர் ஹாரி கிராஸ்வெல். இவரே பின்னாளில் பாதிரியார் ஆனார் என்பது வேடிக்கை!

கனெக்டிகட் மாநிலத்தில் மேற்கு ஹார்ட்போர்டு என்ற ஊரில் 1778-ல் பிறந்தவர். அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹட்சன் நகருக்கு வந்தார். 1801-ல் இரண்டு கூட்டாளிகளுடன் 'பேலன்ஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

குளவி கொட்டியது

1802-ல் 'வாஸ்ப்' (குளவி) என்று இன்னொரு சிறு பத்திரிகையும் நடத்தினார். ஜனாதிபதி ஜெபர்சன், முன்னாள் ஜனாதிபதி வாஷிங்டனைத் தூற்றி எழுத ஓர் எழுத்தாளருக்குப் பணம் கொடுத்தார் என்று அதில் எழுதினார். வழக்கு பாய்ந்தது.

1803 ஜூலையில் விசாரணை. எழுதியது உண்மை என்று நிரூபிக்க கிராஸ்வெல் அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. செய்தி உண்மையா, பொய்யா என்று பார்க்க வேண்டாம், அச்சிட்டவர் இவர்தானா என்று பார்த்தால் போதும் என்றார் நீதிபதி. குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

மேல் விசாரணை 1804-ல் ஆல்பனி நகரில் நடந்தது. கிராஸ்வெலுக்காக வாதாடியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அமெரிக்காவின் முதல் நிதி மந்திரி. 10 டாலர் நோட்டில் இருப்பது இவர் படம்தான். நல்ல நோக்கத்தோடு உண்மையை எழுதுவது குற்றமாகாது என்று அவர் வாதிட்டார். நீதிபதிகள் நால்வர், இருவர் இருவராகப் பிரிந்தார்கள். மறுவிசாரணை கிடைக்கவில்லை, ஆனால் தண்டனையும் விதிக்கப்படவில்லை. 1805-ல் நியூயார்க் சட்டசபை, ஹாமில்டனின் வாதத்தையே சட்டமாக்கியது.

வாசகர் கேட்ட கேள்வி

வழக்குக்குப் பிறகும் 'பேலன்ஸ்' அடங்கிவிடவில்லை. 1806 மே 6 இதழில், தேர்தலில் தோற்ற ஒரு வேட்பாளரின் வரவு செலவுக் கணக்கு என்று கேலியாக ஒரு பட்டியல் வந்தது. செலவு: ரம் 720 கோப்பை, காக்டெயில் 25 கோப்பை, இன்னும் பல, கடைசியில் தேர்தலும். வரவு: ஒன்றுமில்லை!

காக்டெயில் என்றால் என்ன என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். மே 13 இதழில் பதில் வந்தது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், 'பிட்டர்ஸ்' என்ற கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே காக்டெயில் என்று பதில் விளக்கியது. அதோடு விடவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்கு இது மிகவும் உதவும். இதை விழுங்கியவர் வேறு எதையும் விழுங்கிவிடுவார் என்று குத்தியது. அந்தச் சொல் அதற்கு முன்பும் அச்சில் வந்ததுண்டு. ஆனால் அது இன்னதென்று சொல்லும் விளக்கங்களில், கண்டெடுக்கப்பட்டவற்றுள் பழமையானது இதுவே.

பாதிரியார் ஆனார்

1809-ல் பத்திரிகையை ஆல்பனிக்கு மாற்றினார். அங்கே கடன் நெருக்கியது. பத்திரிகைத் தொழிலை விட்டு, 1814-ல் சமய ஊழியத்தில் சேர்ந்தார். 1815 முதல் நியூ ஹேவன் நகரின் திரித்துவ ஆலயத்தில் 43 ஆண்டுகள் பணியாற்றி, 1858-ல், 79-ம் வயதில் காலமானார்.

மே 13-ஐ உலகக் காக்டெயில் தினம் என்று மதுக்கடைக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். கிராஸ்வெலின் பெயர் நிலைக்க அந்த நான்கு சரக்கு போதாது. உண்மையை அச்சிட்டவன் அந்த உண்மையைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லலாம் என்ற உரிமைக்கு வழி திறந்தது அவர் வழக்கு. பத்திரிகையில் ஒரு வரி எழுதுகிறவனும் அவருக்குக் கடன்பட்டவனே.