அசிசி மகானின் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 24-ஆம் நாள் மாலை நமது மடங்களில் ஏசுநாதரின் படத்தை அலங்கரித்து, ஆரதி செய்து, அவரது பிறப்பு வரலாற்றைப் படிக்கிறோம். அதே வேளையில் கடைத்தெருவில் வேறொரு விழா நடைபெறுகிறது. அங்கு பரிசின் விலையே அன்பின் அளவாகக் கருதப்படுகிறது. அந்த மாட்டுத்தொழுவத்தின் வறுமையையே ஆனந்தமாகக் கொண்டாடிய மகான் ஒருவரை இந்நாளில் நினைப்பது பொருத்தமாகும். அவர்தான் அசிசி நகரின் புனித ஃபிரான்சிஸ்.

1181 அல்லது 1182-இல் இத்தாலியில், பெரும் துணி வணிகரான பியத்ரோ பெர்னார்தோனேயின் மகனாக அவர் பிறந்தார். இளமையிலேயே அவரது கை தாராளமானது. ஆனால் அந்தப் பணம் நண்பர்களின் விருந்திலும் பாட்டிலும் கரைந்தது. அதை ஈகை என்று சொல்ல முடியாது. 1202-இல் பெருஜியாவுடன் நடந்த போரில் அவர் சிறைப்பட்டார், பின்னர் நோயுற்றார். பழைய இன்பங்கள் சுவையிழந்தன. ஒருநாள் வழியில் தொழுநோயாளி ஒருவரைக் கண்டு, அருவருப்பை வென்று, குதிரையிலிருந்து இறங்கிப் பணம் கொடுத்து அவரது கையை முத்தமிட்டார். அதுவரை கசந்தது அன்று இனித்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

சிதைந்த ஆலயம் ஒன்றைப் பழுதுபார்க்கத் தந்தையின் துணிகளை விற்றதால் வழக்கு எழுந்தது. 1206-இல் ஆயரின் முன்னிலையில் பணத்துடன் உடுத்திய உடையையும் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வெறும் உடம்புடன் நின்றார்.

கிறிஸ்துமஸை அவர் விழாக்களுள் தலையாயதாகப் போற்றினார். அன்று செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகத் தீவனம் இட வேண்டும், வானம்பாடிகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவ வேண்டும் என்று பேரரசரே ஆணையிட வேண்டுமென விரும்பினார். 1223-இல் கிரெச்சோ என்னும் மலையூரில், ஜான் என்ற அன்பரின் உதவியுடன் தீவனத்தொட்டி, வைக்கோல், எருது, கழுதை ஆகியவற்றைக் கொண்டு பெத்லகேமை மக்களின் கண்முன் நிறுத்தினார். ஊரார் தீப்பந்தங்களுடன் கூடினர். காடு அவர்களது பாடலால் நிறைந்தது.

அதே கிரெச்சோவில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பண்டிகை நாளொன்றில் (கிறிஸ்துமஸ் என்கிறது ஒரு பழைய நூல், ஈஸ்டர் என்கிறது மற்றொன்று) சகோதரர்கள் உயரமான மேஜை அமைத்து, வெள்ளை விரிப்பிட்டு, கண்ணாடிக் குவளைகளை அடுக்கியிருந்தனர். ஃபிரான்சிஸ் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அங்கு வந்திருந்த ஏழை ஒருவரின் தொப்பியையும் கோலையும் வாங்கிக்கொண்டு வெளியே காத்திருந்தார். அவர்கள் உண்ணத் தொடங்கியதும் வாசலில் நின்று பிச்சை கேட்டார். கிடைத்த உணவைத் தரையில், சாம்பலருகே அமர்ந்து உண்டார். சிலர் கண்ணீர் விட்டனர். துறவிகளின் இல்லத்திலேயே பண்டிகையின் பெயரால் ஆடம்பரம் நுழைந்துவிடுகிறது என்றால், இல்லறத்தாரை நாம் எப்படிக் குறை சொல்வது?

இன்னொரு சமயம் அவரது இரு சீடர்களின் தாயான ஏழைப் பெண் உதவி நாடி வந்தார். கொடுக்க எதுவுமில்லை, நாள்தோறும் வழிபாட்டில் வாசித்து வந்த புதிய ஏற்பாடு ஒன்றுதான் இருந்தது. அதை விற்றுக்கொள்ளும்படி கொடுத்துவிடச் சொன்னார் ஃபிரான்சிஸ். அதைப் படிப்பதைவிட, அது சொல்கிறபடி கொடுப்பதே இறைவனுக்கு உவப்பானது என்பது அவரது எண்ணம். நூல்களோடு வாழ்பவர்களுக்கு இது எளிய செயலாகத் தோன்றாது.

1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை அவர் உடலை நீத்தார். அதற்குச் சற்று முன்பு, எதுவும் தமக்குச் சொந்தமில்லை என்ற நிலையிலேயே பிரிய விரும்பி, ஆடை களைந்து வெறுந்தரையில் கிடந்தார். அவரது உள்ளத்தை அறிந்த சகோதரர் ஒருவர் அங்கியைக் கொண்டுவந்து, அது கடனாகத் தரப்படுவதாகவும், அதை யாருக்கும் கொடுத்துவிட அவருக்கு உரிமையில்லை என்றும் கூறினார். ஃபிரான்சிஸ் மிகுந்த மகிழ்ச்சியுடன் அதை ஏற்றுக்கொண்டார்.